நிரைச்சுவருக்கு என்ன பூசுவது: ஆறு பலகைகளை ஓராண்டு தொங்கவிட்டுப் பார்த்தபின் எழுதும் மதிப்புரை

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகில் உள்ள எங்கள் குடும்ப வீட்டில் இரண்டு அறைகளுக்கு மண்சுவரோ செங்கல் சுவரோ கிடையாது. பலா இனத்தைச் சேர்ந்த அயினி மரத்தின் பலகைகளை நாக்கும் பள்ளமுமாக ஒன்றோடொன்று கோத்து, நான்கு புறமும் நிரை போட்டு, மேலே மரத்தட்டு வைத்து மூடிய அறைகள் அவை. நெல் வைப்பதற்காகக் கட்டப்பட்ட ஓர் அறை இப்போது எனக்குப் படிப்பறையாக இருக்கிறது. மற்றொன்றில் அம்மா படுத்துக்கொள்கிறார். கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் இப்படிப்பட்ட வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. மிஞ்சியவற்றை வைத்திருப்பவர்களும், புது வீட்டில் ஒரு சுவருக்காவது பலகை அடித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: மரத்தின் நிறமும் ரேகையும் மறையாமல், அதே சமயம் மரம் கெடாமல் இருக்க அதன்மேல் எதைப் பூசுவது? நான் ஒரு முறை தவறான பூச்சைப் பூசி, அதைச் சுரண்டி எடுத்து, பிறகு ஆறு வகைகளைச் சோதித்துப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து 340 சதுர அடிச் சுவர் முழுவதும் பூசியிருக்கிறேன். அந்த அனுபவத்தின் மதிப்பீடு இது.

முதலில் தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன், வேலைக்கு வந்த பாலிஷ்காரரின் பேச்சைக் கேட்டு, இரண்டு அறைகளுக்கும் அதிகப் பளபளப்புள்ள மெலமைன் என்ற செயற்கைப் பிசின் பூச்சை அடித்தேன். அடித்த வாரத்தில் சுவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று வீட்டில் கேலி செய்தார்கள். இரண்டாவது இடவப்பாதியில் (தென்மேற்குப் பருவமழையில்), தரையை ஒட்டிய கீழ்ப்பலகைகளில் பால் தெளித்தாற்போல் வெண்மை படர்ந்தது. நகத்தை வைத்து நெம்பினால் மீன் செதிள் போலப் படலம் எழுந்து வந்தது. டப்பாவில் இருந்த சரக்கின் மீது குற்றமில்லை. எங்கள் அறையின் அடித்தளம் வெட்டுகல், அதாவது நுண்துளைகள் நிறைந்த செம்பாறைக் கல். மழைக்காலம் முழுவதும் அது ஈரத்தை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. பலகையின் பின்பக்கம் எந்தப் பூச்சும் இல்லாமல் திறந்து கிடந்தது. பின்பக்கமாக மரத்துக்குள் புகுந்த ஈரம் முன்பக்கமாக வெளியேற முயன்றபோது, கண்ணாடி போல் இறுகிக் கிடந்த படலம் வழிவிடாமல் உரிந்துகொண்டது. அதைச் சுரண்டி எடுக்கப் பதினொரு நாள் ஆயிற்று.

சுரண்டும் வேலைக்கு வந்த மூத்த ஆசாரி, நான் அடுத்து வாங்கவிருந்த தரைப்பலகைக்கான வார்னிஷின் விளம்பரத்தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "செவருல ஆரும் சவுட்டி நடக்கப் போறதில்லியே சாரே, பின்ன எதுக்குத் தரைக்குள்ள சாதனம்?" இந்தக் கேள்விக்குப் பின் நான் பூச்சுகளைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கடைகளில் ஒவ்வொரு டப்பாவும் தன் கடினத்தைச் சொல்லித்தான் விற்கிறது: செருப்புக்காலைத் தாங்கும், சூடான பாத்திரத்தைத் தாங்கும், கீறல் விழாது. சுவரில் யாரும் நடப்பதில்லை. தேநீர்க் கோப்பையை வைப்பதுமில்லை. நம் மாவட்டத்தில் உட்புற மரச்சுவரின் எதிரிகள் வேறு: தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையிலும் காற்றில் நிற்கும் ஈரம், அந்த ஈரத்தில் பிடிக்கும் பூசணம், சன்னல் வழியாக வரும் வெயில், விளக்குக் கரி, கதவோரத்தில் படியும் கைவியர்வை. இவற்றுக்கு இரும்பு போன்ற படலம் தேவையில்லை. பலகை பருத்துச் சுருங்கும்போது கூடவே வளைந்துகொடுப்பதும், பழுதுபட்டால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய இடம் தருவதுமான மெல்லிய பூச்சுதான் தேவை.

2023 மாசியில், புதிய கதவு நிலை செய்ததில் மிஞ்சிய பலா மரத்திலிருந்து ஒன்றரை அடி நீளத்தில் ஆறு துண்டுகளை இழைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வகைப் பூச்சைப் பூசி, அடுக்களையை ஒட்டிய வடக்கு நிரையில் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றின் பாதியையும் கறுப்புத்தாளால் மூடினேன். புதிதாக அறுத்த பலா, மஞ்சள் கிழங்கைக் கீறினாற்போல் இருக்கும். வெளிச்சம் பட்டால் தேன் நிறத்துக்கும் பிறகு பழுப்புக்கும் போகும். நிறம் மாறியதற்குப் பூச்சு எவ்வளவு காரணம், மரம் எவ்வளவு காரணம் என்று பிரித்துப் பார்க்கத்தான் அந்தத் தாள். இரண்டு மழைக்காலமும் கழிந்து, அடுத்த தை மாதத்தில் தாளைப் பிரித்தேன்.

அரக்கு பாலிஷைப் பற்றி முதலில் சொல்வதற்குக் காரணம், அதன்மேல் எனக்குள்ள பாசம். அரக்குப்பூச்சியின் பிசினைச் சாராயத்தில் (குடிக்கும் சாராயமல்ல, பாலிஷுக்கான ஸ்பிரிட்) கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அதை நனைத்து வட்டவட்டமாகத் தேய்க்கும் பழைய வேலை அது. நிமிடங்களில் காய்கிறது, மறுநாள் நாற்றமே இல்லை, பலாவின் ரேகைக்கு உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் ஒரு சூடான நிறம் தருகிறது. கீறல் விழுந்தால் சாராயம் தோய்ந்த துணியால் நான்கு முறை தேய்த்தாலே பழைய பூச்சும் புதியதும் கரைந்து ஒன்றாகிவிடும். நான் சோதித்த மற்ற எந்தப் பூச்சிலும் இந்த வசதி கிடையாது. ஆனால் சொட்டு நீர் ஒரு மணி நேரம் நின்றால் வெள்ளை வளையம் விழுகிறது, சூடும் ஆகாது. மழை நாளில் பூசினால், காயும் வேகத்தில் காற்றின் ஈரம் படலத்தில் படிந்து, பூச்சே மங்கலாகப் பூத்துவிடுகிறது. அடுக்களைப் பக்கம் தொங்கிய என் பலகையில் ஆடி மாதத்துக்குள் ஏழு வளையங்கள் எண்ணினேன். பூசையறைக்கும் படுக்கையறைக்கும் இது போதும். நீர் தெறிக்கும் இடத்துக்கு ஆகாது.

ஆளிவிதை எண்ணெய் பூசிய பலகையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மாதம் அதைப்போல் அழகு வேறில்லை. மழை தொடங்கியதும் அதன் கீழ்விளிம்பில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் வந்தன. பூசணத்துக்கு அந்த எண்ணெய் உணவு. வறண்ட ஊர்களில் அதைப் புகழ்கிறவர்களை நான் மறுக்கவில்லை. நம் ஊருக்கு அது பொருந்தவில்லை. எப்படியும் பூசுவேன் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது காற்றோடு சேர்ந்து காயும்போது எழும் சூடு உள்ளேயே தங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்து வெளியே காயப்போடுங்கள், அல்லது நீரில் முக்கிவிடுங்கள். நம் பக்கத்து வீடுகளில் கூரைக் கழுக்கோலுக்கும் உத்தரத்துக்கும் பூசுகிற அண்டி எண்ணெயையும் (முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய்) சிலர் கேட்டார்கள். பூச்சியைத் தடுப்பதில் அது கெட்டி. ஆனால் மரத்தைக் கறுப்பாக்கிவிடும் என்பதால் இந்தப் போட்டியில் அதைச் சேர்க்கவில்லை.

மெலமைனை இரண்டாம் முறையும், இந்த முறை பின்பக்கத்தையும் பூசி, நேர்மையாகச் சோதித்தேன். சிறு பலகையில் உரியவில்லை. பார்வைக்கும் நன்றாகவே இருந்தது. ஆனாலும் என் வீட்டுக்குள் அதை மறுபடி விடமாட்டேன். ஹார்டனர் கலந்து இறுகும் அந்த வகையில், காயும்போதும் அதற்குப் பின் சில நாட்களும் ஃபார்மால்டிஹைடு வெளியேறுகிறது. வயதானவர் உறங்கும் அறைக்குக் கண் எரிச்சல் ஒரு சிறு விஷயமல்ல. ஒற்றை டப்பாவில் வரும் எண்ணெய் வகை பி.யு. (பாலியூரித்தேன்) வார்னிஷ் பூசுவதற்கு எளிது. பிரஷ் தடம் தானே சமமாகிறது. அதன் குறை, கறுப்புத்தாளைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. தாளுக்கு அடியில், வெளிச்சமே படாத பாதியும் மஞ்சளித்திருந்தது. ஆகவே அது மரத்தின் வேலையல்ல, வார்னிஷின் வேலை. கருமையான ஈட்டிக்கும் தேக்குக்கும் இது உறுத்தாது. வெளிறிய ரப்பர் மரப்பலகைக்கு உறுத்தும்.

பூச்சும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் தனித்தனியாக வரும் இரண்டு டப்பா பி.யு.வைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் இன்று நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்தப் பெயின்ட் கடைக்குப் போனாலும் முதலில் கைகாட்டுவது அதைத்தான். தனிப் பலகையில் அது எல்லாவற்றையும் வென்றது. இரவு முழுக்க ஈரத்துணி போட்டு வைத்தேன், சுடுபாத்திரம் வைத்தேன், நாணயத்தால் கீறினேன், அசையவில்லை. வெயிலில் மஞ்சளிக்காத வகை வேண்டுமென்று கேட்டு வாங்கியதால் நிறமும் நின்றது. ஆனால் சுவர் என்பது ஒற்றைப் பலகையல்ல. என் உறவினர் ஒருவர் வீட்டு நிரைச்சுவரில் இதை ஸ்பிரே கன்னால் தடிமனாக அடித்திருக்கிறார்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவிலுள்ள பொருத்தின்மேல் படலம் பாலம் போட்டு நின்றுவிட்டது. வேனிலில் பலகைகள் ஒவ்வொன்றும் தன்பக்கம் சுருங்க, வளையத் தெரியாத அந்தப் பாலம் நெடுக விரிந்து, இப்போது ஒவ்வொரு பொருத்திலும் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் ஒரு வெள்ளை வெடிப்பு மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. அதை ஓரிடத்தில் மட்டும் சரிசெய்ய முடியாது. புதிய பூச்சு பழையதில் கரையாது என்பதால் ஒட்டுப்போட்ட விளிம்பு தெரியும். முழுப் பலகையையும் தேய்த்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும். இத்துடன், ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல், ஆஸ்துமாவைக் கிளப்பக் கூடியது. ஸ்பிரே அடிக்கிறவர் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொள்வது எந்தக் காப்பும் ஆகாது. அடுக்களை மேடைக்குப் பின்னால், கைகழுவும் தொட்டிக்கு மேலே என்று நீர் நேராகப் படும் இடத்துக்கு மட்டும் நான் இதைச் சிபாரிசு செய்வேன்.

ஆறாவது, தண்ணீர் கலந்த பி.யு. டப்பாவைத் திறந்தால் மோர் போல இருக்கிறது. முதன்முறை பார்க்கிறவர்கள் கெட்டுப்போன சரக்கு என்று திருப்பிக் கொடுக்கப் பார்ப்பார்கள். காய்ந்தால் தெளிந்துவிடும். நாற்றம் மிகக் குறைவு. நான் படிப்பறையில் பூசிக்கொண்டிருந்தபோதே அடுத்த அறையில் அம்மா மதிய உறக்கம் உறங்கினார். மஞ்சளிக்கவில்லை. மேலே விழுந்த நீரை நேரத்தில் துடைத்தால் தடம் இல்லை. குறைகளும் உண்டு. முதல் பூச்சில் உள்ள நீரைக் குடித்து மரத்தின் இழைகள் சிலிர்த்து நிற்கும். காய்ந்தபின் கையை ஓட்டினால் பூனையின் நாக்கைத் தொட்டதுபோல் சுரசுரவென்று இருக்கிறது. 320 எண் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தபின்தான் அடுத்த பூச்சு. இன்னொன்று, நிறத்தில் ஒரு குளிர்ச்சி. பலாவுக்கு உரிய வெதுவெதுப்பு வராமல், மரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்ததுபோல் இருக்கிறது.

இந்தக் குளிர்ச்சிக்கு மருந்து முதல் பலகையில் இருந்தது. ஆறாவது பலகையின் கீழ்ப்பாதியில், நீர்ப் பூச்சுக்கு முன்னால் மெல்லிய அரக்கு ஒரு பூச்சு கொடுத்திருந்தேன். ஒரு லிட்டர் சாராயத்துக்கு 120 கிராம் அரக்கு என்ற நீர்த்த கலவை அது. அந்தப் பாதியைப் பார்த்தபின் வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை: உள்ளே அரக்கின் நிறம், வெளியே நீரைத் தாங்கும் தோல். அரக்கு அடியில் இருப்பதால் இழையும் அவ்வளவாகச் சிலிர்ப்பதில்லை. பழைய எண்ணெய், மெழுகுத் தடங்கள் சற்று மிஞ்சியிருந்தாலும் மேல்பூச்சு மீன்கண் போல விலகி ஓடாமல் பிடித்துக்கொள்கிறது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடையில் கிடைக்கும் அரக்குச் செதிலில் இயற்கையான மெழுகு கலந்திருக்கும். அந்த மெழுகின் மேல் பி.யு. ஒட்டாது. கரைத்த அரக்கைக் கண்ணாடிப் பாட்டிலில் அசையாமல் சில நாட்கள் வைத்தால் மெழுகு சாம்பல் நிறத்தில் அடியில் படியும். மேலே தெளிந்து நிற்பதை மட்டும் இறுத்து எடுத்துக்கொள்ள வேண்டும். மோரில் தெளிவு இறுக்கத் தெரிந்த எவருக்கும் இது வரும்.

சுவர் முழுவதையும் 2024 தை, மாசி மாதங்களில் முடித்தேன். காலத்தை அப்படித் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிலைத்து நின்றால் மரம் தன் எடையில் ஏறத்தாழ 15, 16 சதவீதம் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 65 சதவீதத்தில் அது 12க்கு அருகில் இறங்கிவிடும். மழையில் பருத்து நிற்கும் பலகையைப் பூசினால், வேனிலில் அது சுருங்கும்போது அதுவரை ஒளிந்திருந்த நாக்கு, பூச்சில்லாத வெளிறிய கோடாக எட்டிப்பார்க்கும். மாசியில் பொருத்துகள் திறந்து நிற்கும்போது சிறு பிரஷால் முதலில் நாக்கைப் பூசிவிட்டு, பிறகு முகத்தைப் பூசினால் அந்தத் தொல்லை இல்லை. பின்பக்கத்துக்கும் அரக்கு ஒரு பூச்சும் நீர்ப் பூச்சு ஒன்றும் கொடுத்தோம். ஒரு முகம் மட்டும் பூசிய பலகை, இரண்டு முகமும் ஈரத்தை வெவ்வேறு வேகத்தில் வாங்குவதால், ஓடுபோல வளையும். வெட்டுகல்லுக்கும் கீழ்ப்பலகைக்கும் இடையே அரை அங்குலம் வெளி விட்டு ஆசாரி சட்டத்தை ஏற்றி வைத்தார். இந்த அரை அங்குலம் எந்தப் பூச்சையும்விடப் பெரிய காப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

வேலை முறை இதுதான். 120, 180, 240 என்ற வரிசையில் உப்புத்தாள், எப்போதும் ரேகையின் போக்கில். தூசியை ஈரம் பிழிந்த துணியால் எடுத்துவிட்டு, அரக்கு. மறுநாள் நீர்ப் பூச்சு மூன்று, ஒவ்வொன்றும் மெல்லியதாக. செங்குத்தான சுவரில் தடிமனாகப் பூசினால் மெழுகுவர்த்திபோல ஒழுகி நிற்கும். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 100 சதுர அடி வந்தது. அறையின் உள்முகத்துக்குப் பத்து லிட்டர் போதுமாயிற்று. மங்கலான மேட் பூச்சு விரும்புகிறவர்களுக்கு ஒன்று: அந்த மங்கலைத் தருவது சிலிக்காத்தூள், அது டப்பாவின் அடியில் படிந்துவிடும் என்பதால் குச்சியால் அடிவரை கிளற வேண்டும், குலுக்கக் கூடாது, குலுக்கினால் நுரை. மூன்று பூச்சும் மேட் என்றால் ரேகையின் மேல் புகை மூட்டியதுபோல் ஆகிறது. அடிப்பூச்சு இரண்டையும் பளபளப்பில் கொடுத்துக் கடைசியை மட்டும் மேட்டில் முடித்தால் தெளிவும் நிற்கும், கண்ணும் கூசாது.

கடைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஏசியன் பெயின்ட்ஸ், ஷீன்லாக், எம்.ஆர்.எஃப்., ஐ.சி.ஏ. பிடிலைட் என்று பல நிறுவனங்களின் மரப்பூச்சுகள் சந்தையில் உள்ளன. நிறுவனத்தைவிட, டப்பாவில் உள்ளது எந்த வகை என்பதே முக்கியம் என்பதால் நான் வகைகளை மட்டுமே மதிப்பிட்டேன். நீர் பி.யு. நம் பக்கம் இன்னும் குறைவாகவே விற்கிறது. ஆகவே அலமாரியில் நெடுநாள் கிடந்த டப்பா கைக்கு வர வாய்ப்பு அதிகம். எனக்கு ஒரு கடையில் கிடைத்த முதல் டப்பா தயிராகக் கட்டியிருந்தது; திருப்பிக் கொடுக்க இரண்டு முறை நடந்தேன். தயாரித்த மாதத்தைப் பார்த்து, கடையிலேயே மூடியைத் திறந்து பார்த்து வாங்குவது நல்லது. இரட்டை டப்பா வகை வாங்குகிறவர்கள், ஒரு முறை திறந்த ஹார்டனரை அடுத்த ஆண்டுக்கு என்று எடுத்து வைக்க வேண்டாம்; நம் காற்றின் ஈரத்தைக் குடித்து அது கல்லாகிவிடும்.

எந்தப் பூச்சும் கறையானைத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கான மருந்து மண்ணிலும் அடித்தளத்திலும் தனியே செய்ய வேண்டியது. மரத்தைத் துளைத்து மாவாக்கும் உளுப்பு வண்டின் கதை சற்று வேறு. அந்த வண்டு பூச்சில்லாத மரத்தின் துளைகளில்தான் முட்டையிடும் என்பதால், குலசேகரம் பக்கம் அறுத்த ரப்பர் மரப்பலகையை போராக்ஸ் கரைசலில் முறையாக மருந்தேற்றியபின் இரண்டு முகமும் பூசிவிட்டால், பூச்சு ஓரளவு கதவடைத்ததுபோல் உதவுகிறது. மருந்தேற்றாத ரப்பர் மரத்தை எதைப் பூசியும் காப்பாற்ற முடியாது. குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் பூசுவதற்கு முன் பலகையை நல்ல நீரில் துடைத்துக் காயவிட வேண்டும். படிந்த உப்பு பூச்சுக்கு அடியிலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரும்பு ஆணிக்குப் பதில் பித்தளைத் திருகாணி போட்டால், ஆணியைச் சுற்றி விழும் கறுப்பு வளையமும் இருக்காது.

பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் (முகப்பு மண்டபத்தில்) அண்ணாந்து நின்று, மச்சில் செதுக்கிய 90 வகைப் பூக்களையும் பார்த்துவிட்டு, இந்த மினுக்கத்துக்கு என்ன பாலிஷ் என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் கேட்டவன்தான். நல்ல காற்றோட்டமும், நீண்டு இறங்கிய கூரையும், நல்ல மரமும் செய்யும் வேலையை டப்பாவிடம் எதிர்பார்த்துவிடக் கூடாது என்பது அங்கே போய் வந்த ஒவ்வொரு முறையும் எனக்கு நினைவுக்கு வருகிறது.

இப்போது என் சுவர் பூசி முடித்த முதல் இடவப்பாதியையும் ஐப்பசி மழையையும் கண்டுவிட்டது. கீழ்ப்பலகையில் வெண்மை இல்லை, பொருத்துகளில் வெடிப்பில்லை. விளக்கு மாடத்துக்கு மேல் படிந்த கரி, சோப்பு நீர் தொட்ட துணிக்குப் போய்விட்டது. அடுக்களை நிரையில் மட்டும், பழைய மெழுகு சரியாக எடுபடாத ஓரிடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கல் விழுந்திருக்கிறது. அது என் அவசரத்தின் பலன். படிப்பறைக் கதவின் இடப்பக்கம், உள்ளே நுழைகிறவர்கள் எல்லாரும் கைவைக்கும் உயரத்தில், இரண்டு பலகைகள் லேசாக மினுக்கம் குறைந்துள்ளன. வரும் மாசியில் அந்த இரண்டை மட்டும் 400 எண் தாளால் தடவிவிட்டு ஒரு பூச்சு கொடுத்தால் போதும் என்கிறார் ஆசாரி. அதற்கான அரை லிட்டர் அலமாரியில் இருக்கிறது, மூடிமேல் வாங்கிய மாதமும் எழுதியிருக்கிறது.